அத்தானின் நித்திரைக்காக ஒரு தண்ணீர்ச் சுற்று

என் அத்தான் நிம்மதியாக நித்திரை கொள்ள வேண்டும் என்பதற்காக நான் என் மோட்டார் சைக்கிளை விற்றேன். என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஏனென்றால் அந்த மனுசனை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவருக்காகத்தான் சைக்கிளை விற்று, அந்தக் காசில் கொம்பியூட்டருக்குள் தண்ணீர் ஓட விடுகிற சாமான்களை வாங்கினேன்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஓர்ஸ் ஹில்லில் சரிவான ஒரு ஒழுங்கையில், பின்வளவில் நின்றால் உள்துறைமுகம் தெரிகிற வீடு. அப்பா கட்டியது. நான் பிறந்ததும் அங்கேதான். அக்காவுக்குக் கலியாணம் பேசியபோது அதை அவள் பேருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. பெண்ணுக்கு வீடு, ஆணுக்குப் படிப்பு. ஆண் கட்டிப் போகிற இடத்தில் அவனுக்கென்று ஒரு வீடு இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். நான் கட்டவில்லை. கலியாணப் பேச்சுக்கால் ஒன்றிரண்டு குழம்பியதோடு எனக்கே வெறுத்துப்போனது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அதன்பிறகு, பிறந்த வீட்டில் அக்கா புருசனின் தயவில் இருக்கிற ஆளாகிவிட்டேன். அப்படித்தான் நான் விளங்கி வைத்திருந்தேன்.

எனக்கு விறாந்தையோடு ஒட்டிய முன்னறை. ஒரு கட்டில், ஒரு மேசை, அம்மாவின் அலுமாரி. அந்த மேசையில் இருந்துதான் உழைத்தேன். நிலாவெளிக் கரையில் ஹோட்டல் கட்டப் போகிறவர்கள் வரைபடத்தை அனுப்புவார்கள். கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று நான் படம் செய்து கொடுப்பேன். நீச்சல் குளம், பின்னேர வெயில், சாய்கதிரையில் வெள்ளைக்காரர். ஒரு கல்லுக்கூட வைக்காத காணியில் நான் ஆட்களைக் குளிக்க வைப்பேன். அந்த வெயிலும் நிழலும் சரியாக விழ, கொம்பியூட்டர் இரவும் பகலுமாகக் கணக்குப் போட வேண்டும். நிறுத்த ஏலாது.

பெரிய கொம்பியூட்டர்ப் பெட்டி முன்னறைக்கு வடிவில்லை என்று அக்கா சொன்னதால் சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைத்திருந்தேன். சின்னப் பெட்டிக்குள் பெரிய சூடு. விசிறிகள் அலறும். அனலாகக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அந்தச் சத்தம் மா அரைக்கிற மில்லுக்குள் நிற்பதுபோல இருக்கும். எனக்குப் பழகிவிட்டது. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

அத்தானுக்கு அந்த வசதி இல்லை. அவர் துறைமுகத்தில் ஒரு இழுவைப் படகின் எஞ்சின் பகுதியில் வேலை. ஒரு கிழமை ஏழு நாளும் இரவு வேலை, அடுத்த கிழமை பகல் வேலை. அவருடைய படுக்கையறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு கல் சுவர் மட்டும்தான்.

அவரும் நானும் கதைப்பது குறைவு. குறைவு என்றால், இல்லை என்றே சொல்லலாம். அவர் விறாந்தைக்கு வந்தால் நான் கதிரையை விட்டு எழும்புவேன். "சாப்பிட்டீரோ?" என்பார். "ஓம் அத்தான்" என்பேன். அதோடு சரி. அக்கா புருசனோடு நேருக்கு நேர் நின்று கதைப்பது, அதுவும் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு கதைப்பது, எங்கள் வளர்ப்பில் இல்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அக்கா வழியாகப் போகும், அக்கா வழியாக வரும். "அத்தான் சொல்லச் சொன்னவர்" என்று தொடங்குவாள். மோட்டார் சைக்கிளைப் போர்ட்டிக்கோவில் விடக்கூடாதாம். கூட்டாளிமாரை வீட்டுக்குக் கூப்பிடக்கூடாதாம். குளிக்கப் போனால் கனநேரம் நிற்கக்கூடாதாம். அம்மாவின் படத்தை நடுக்கூடத்திலிருந்து எடுத்து என் அறையில் மாட்டட்டாம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, "அவற்ற குணம் உனக்குத் தெரியும்தானே" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போவாள். எனக்கு அக்காமேல் பாவமாக இருக்கும்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் அவள் என் அறைக்குள் வந்து கட்டிலில் இருந்தாள். அத்தான் அந்தப் பக்கம் படுத்திருந்தார். விசிறிகள் கத்திக்கொண்டிருந்தன.

"தம்பி, எனக்கெண்டா ஒண்டுமில்லை" என்றாள். "அவர்தான். நித்திரை இல்லாமல் எஞ்சினுக்குப் பக்கத்தில நிக்கிற வேலை. கை கால் போனா ஆர் பொறுப்பு? ஆடி முடியிறதுக்குள்ள அந்தச் சத்தம் நிக்க வேணுமாம். இல்லாட்டி வேற இடம் பாக்கட்டாம்."

"அத்தானோ சொன்னவர்?"

"பேந்தென்ன, நானோ சொல்லுவன்?"

இரவில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அடுத்த கிழமை அவருக்குப் பகல் வேலை, இரவில்தான் படுக்கிறார் என்று அக்கா வந்து நின்றாள். விசிறிகளின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பாதிப் படத்தில் சூடேறி மெஷின் தானே அணைந்துபோனது. வேறு இடம் என்றாலும் எங்கே போவது? டவுனில் நல்ல அறையெல்லாம் சுற்றுலாக்காரருக்குப் போய்விட்டது. கலியாணம் கட்டாமல் வயது போனவனுக்கு யாரும் வீட்டில் ஒரு பக்கத்தைக் கொடுக்க மாட்டார்கள். அதைவிட, நான் ஏன் போக வேண்டும்? அது நான் தவழ்ந்த நிலம். எங்கிருந்தோ வந்த ஒரு எஞ்சின்காரன் என்னைக் கிளப்புவதா?

அந்த நாட்களில் அவரை நான் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை. அவர் சோற்றைப் பிசைவதைப் பார்ப்பேன். மீன் முள்ளை உறிஞ்சி இலையின் ஓரத்தில் வைப்பதைப் பார்ப்பேன். டீசல் ஊறிப்போன நகம், சாரத்துக்கு மேல் தள்ளி நிற்கிற வயிறு. அந்த வயிற்றோடு படகிலிருந்து வழுக்கி விழுந்தால் மிதப்பாரா தாழ்வாரா என்று யோசிப்பேன். யோசித்துவிட்டுச் சிரிப்பு வரும். "சாப்பிட்டீரோ?" என்பார். "ஓம் அத்தான்" என்பேன்.

தண்ணீர்ச் சுற்று என்ற எண்ணம் அந்தக் கோபத்தில்தான் பிறந்தது. சத்தமே இல்லாமல் ஆக்கிக் காட்டுகிறேன், அதற்குப் பிறகு என்ன காரணம் சொல்லுகிறாய் பார்ப்போம் என்று. விஷயம் கேட்கச் சுலபம். சிப்பின் மேலும் கிராபிக்ஸ் கார்டின் மேலும் செப்புக் கட்டிகளைப் பூட்ட வேண்டும். ஒரு சின்னப் பம்ப் அவற்றுக்குள் தண்ணீரைத் தள்ளும். சூடான தண்ணீர் ரேடியேற்றருக்குப் போய், அங்கே மெதுவாகச் சுற்றுகிற விசிறிக் காற்றில் ஆறி, சின்னத் தாங்கிக்குத் திரும்பி வரும். வாகனத்தில் நடப்பதுதான். ஆனால் வாகனத்துக்கு இடமிருக்கிறது. என் பெட்டிக்கு இல்லை.

வாங்குவதற்கு முன் எல்லாவற்றையும் மட்டையில் வெட்டினேன். பிஸ்கட் பெட்டி மட்டையில் ரேடியேற்றர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடின நீளம். மட்டையில் பம்ப், மட்டையில் தாங்கி, குழாய்க்குப் பதில் வளவுக்குத் தண்ணீர் விடுகிற பழைய குழாயின் துண்டு. ரேடியேற்றர் உள்ளே போகும். அதன்மேல் விசிறியை வைத்தால் மின்சார வயர் செருகுகிற இடத்தில் முட்டும். விசிறியை மாற்றி வைத்தால் குழாய் வளைய இடமிருக்காது. வளைத்தால் மடிந்து தண்ணீரை அடைக்கும். பம்பை முன்னால் நகர்த்தினால் கிராபிக்ஸ் கார்ட் இடிக்கும். ஒரு விரல் இடத்துக்காக நான் கிழமைக்கணக்காகச் செத்தேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தரையில் கிடந்த மட்டைகளைப் பார்த்து, "என்னடா, கப்பல் கட்டிறியோ?" என்பாள். நானும் சிரிப்பேன்.

காசு மிச்சம் பிடிக்க, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் ரேடியேற்றரை உதிரிப்பாகக் கடையில் தூக்கிப் பார்த்தேன். அலுமினியம். வைத்துவிட்டு வந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது தெரியும்; படகின் அடியில் இரும்பைக் காக்கப் பூட்டுகிற துத்தநாகத் துண்டு கரைந்து போவதைச் சின்ன வயதிலேயே பார்த்தவன். செப்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். செப்பு ரேடியேற்றர் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். அன்றைக்குத்தான் மோட்டார் சைக்கிளை விற்றேன்.

பம்ப், குழாய், காற்றுக் குமிழ் என்று காலம் முழுக்க அதே வேலை செய்கிற ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். தாங்கி பம்புக்கு மேலேதான் இருக்க வேண்டுமா, குமிழை எப்படி வெளியேற்றுவது என்று அவரிடம் கேட்டிருந்தால் வாய் மூடுவதற்குள் பதில் சொல்லியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. மரியாதை என்று ஒரு பக்கம், வீம்பு என்று மறுபக்கம். வீடியோக்களைப் பார்த்து, பிழைவிட்டு, கழற்றி, திரும்பப் பூட்டினேன். கடைசியில் பெட்டியின் பக்கத் தகரத்தை அரிந்து, விசிறிகளை வெளிப்பக்கமாக வைத்தேன். அந்த ஒரு விரல் இடம் கிடைத்தது. வெட்டிய தகரம் உள்ளங்கையைக் கிழித்ததுதான் மிச்சம்.

வாகன பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர்ப் போத்தல்களை வாங்கி வந்து நிரப்பினேன். பம்ப் மட்டும் ஓட, ஒவ்வொரு பொருத்தின் கீழும் கடதாசித் துண்டு வைத்துவிட்டுக் காவல் இருந்தேன். ஒரு மூலையில் ஈரம் கண்டது. இறுக்கினேன். பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்துக் குமிழ்களை விரட்டினேன். எல்லாக் கடதாசியும் காய்ந்து கிடந்த ஒரு காலை, மெஷினை முழு வேகத்தில் ஓட விட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். காகம் கத்துவது கேட்டது. குசினியில் அக்கா தேங்காய் துருவுவது கேட்டது. திரையில் நீச்சல் குளத்துக்கு வெயில் விழுந்துகொண்டிருந்தது, சூடு ஏறவேயில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய ஆம்பிளை, ஒரு தகரப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். இனி யாரும் என்னை இந்த அறையிலிருந்து எழுப்ப ஏலாது என்று நினைத்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். வாசலில் வந்து நின்று காது கொடுத்தாள்.

"நிப்பாட்டிட்டியோ?"

"ஓடுது அக்கா. முழு வேகத்தில ஓடுது."

கிட்ட வந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள். எடுத்தாள். "சூடு வெளிய வருது" என்றாள்.

"வரத்தானே வேணும். அது எங்க போறது? அத்தானிட்டச் சொல்லுங்கோ, இனி நல்லா நித்திரை கொள்ளலாமெண்டு."

"சொல்லிறன்" என்றாள். முகத்தில் ஒரு சந்தோசத்தையும் காணவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்தேன். எனக்கு இருந்த சந்தோசத்தில் அவள் முகத்தைப் பார்க்க நேரமில்லை.

அந்தக் கிழமை அத்தானுக்கு இரவு வேலை. இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் என் அறை வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தரம். நான் எழும்பி நின்றேன். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது.

"என்ன தம்பி, மெஷின் பழுதோ?"

"இல்லை அத்தான். ஓடுது. தண்ணி விட்டுச் செய்திருக்கிறன், சத்தம் வராது."

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

எனக்கு விளங்கவில்லை. "உங்களுக்காகத்தான் அத்தான். நீங்கள் நித்திரை கொள்ளேலாமல் கஷ்டப்படுறீங்களெண்டு."

அவர் சிரித்தார். அந்த மனுசன் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. "ஆர் சொன்னது? நான் இவ்வளவு காலமும் எஞ்சினுக்கு மேல படுத்தெழும்பினவன். எங்களுக்கு எஞ்சின் ஓடினாத்தான் நித்திரை. நிண்டா முழிப்பு வந்திடும், என்னவோ நடந்திட்டுதெண்டு. உம்மட மெஷின் சத்தத்திலதான் வீட்டில நான் நிம்மதியாப் படுக்கிறது. இப்ப கொஞ்ச நாளாக் கண்ணை மூடேலாமல் கிடக்கு. ஏலுமெண்டா அந்தப் பழைய விசிறியைத் திருப்பிப் பூட்டும் தம்பி. குறை நினைக்காதையும்." பிறகு குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். குழாய் போகிற வழியை விரலால் தொடர்ந்தார். "நல்லாச் செய்திருக்கிறீர். என்னட்டக் கேட்டிருந்தா நானும் பிடிச்சு விட்டிருப்பனே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அக்கா குசினி வாசலில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. போய்க் குசினிக்குள் நின்றேன்.

"ஏன் அக்கா?"

"மெல்லக் கதை. அவர் படுத்திருக்கிறார்."

"அவர் ஒண்டும் சொல்லேல்லை, என்ன?"

"இல்லை."

"சைக்கிளைப் பற்றி? அம்மான்ர படத்தைப் பற்றி?"

"ஒண்டும் சொல்லேல்லை. அவருக்கு இதெல்லாம் தெரியாது." அடுப்பில் இருந்ததைக் கிளறினாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் சொன்னா நீ கெஞ்சுவாய். எனக்கு இல்லையெண்டு சொல்ல வராது. அவர் சொன்னதெண்டா உனக்கு ரோசம் வரும், போயிடுவாய் எண்டு நினைச்சன். உனக்கு ரோசமும் வரேல்லை. மட்டை வெட்டிக்கொண்டிருக்கிறாய்."

"நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"ஒண்டும் செய்யேல்லை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இந்த வீட்டில என்னைத் தனிய விடேல்லை. முதல் அம்மா அப்பாவைப் பாத்தன், பேந்து உன்னைப் பாக்கிறன். வீடு என்ர பேரில இருக்கு. என்ர வீடா ஒருநாளும் இருக்கேல்லை. எனக்கு என்ர வீடு வேணும்." பிறகு கரண்டியை வைத்துவிட்டு, கொஞ்சம் சலித்துக்கொண்டது மாதிரிச் சொன்னாள்: "அந்தச் சத்தம் இருந்தாலாவது உன்னைப் போகச் சொல்ல ஒரு சாட்டு இருந்தது. அதையும் நிப்பாட்டிப் போட்டாய்."

நான் கெஞ்சவில்லை. கெஞ்ச வேண்டும் என்றுதான் இருந்தது. அவள் அதை எதிர்பார்த்து நின்ற விதம் என் வாயைக் கட்டிப்போட்டது.

நிலாவெளிக்கு அங்கால் இறக்கக்கண்டியில் ஒரு ஹோட்டல்காரன் வேலையாட்களுக்கென்று கட்டிய அறைகளில் ஒன்றைத் தந்தான். தகரக் கூரை, உப்புக் காற்று, கொம்பியூட்டருக்கு ஆகாத இடம். போகிற அன்று தாங்கியைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்தேன், இல்லாவிட்டால் வழியில் எங்கேயாவது கசியும். அத்தான் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். உடுப்பு மாற்றாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ வரைக்கும் வந்தார். ஒரு குழந்தையை வைப்பதுபோலப் பின் சீட்டில் வைத்து, என் தலையணையை எடுத்து அணைவு கொடுத்தார்.

"ஏன் தம்பி போறீர்?" என்று கேட்டார். "அண்டைக்கு விசிறியைப் பற்றி நான் சும்மா கதைச்சது. அதுக்கோ கோவம்?"

நான் வாயைத் திறக்க முதல், கேற்றடியில் நின்ற அக்கா சொன்னாள்.

"அப்பிடியில்லை. நீங்கள் வேளை கெட்ட வேளையில வாறதும் போறதும் தம்பிக்கு வேலைக்கு இடைஞ்சலாம். உங்களிட்ட நேர சொல்லக் கூச்சம். என்னைச் சொல்லச் சொன்னவன்."

அத்தான் தலையணையிலிருந்து கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். இவ்வளவு காலம் நான் அவரைப் பார்த்த அதே பார்வைதான். "அப்பிடியோ?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிட்டு நான் போய்விடலாம். ஆனால் அவர் வாழ வேண்டிய வீடு அது. படுக்க வேண்டிய இடமும் அவளுக்குப் பக்கத்தில்தான்.

"ஓம் அத்தான்" என்றேன்.